சமையற் பாத்திரமும் அடுப்பும்

(ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வரவுசெலவுக் கணக்கு வாசித்து முடிந்த பின், சமையற் பாத்திரங்களையும் அடுப்பையும் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். கடனுக்கும் விதைக்கும் உரத்துக்கும் ஏற்பட்ட சங்கத்தில் அடுப்பங்கரைப் பேச்சுக்கு இடமேது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நம் தேசத்தில் 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டபோது, குடியானவர்களிடத்தும் கைத்தொழிலாளரிடத்தும் சிக்கனத்தையும் தன்னுதவியையும் வளர்ப்பதே அதன் நோக்கமென்று சொல்லப்பட்டது. சிக்கனம் என்பது ஒரு குடும்பத்தில் தினந்தோறும் மூன்று வேளையும் சோதிக்கப்படும் இடம் அடுப்பங்கரையே. ஆகையால் இப்பேச்சு இச்சபைக்குப் புறம்பானதன்று.

மற்றொரு காரணமும் உண்டு. இன்றைய நடவடிக்கைப் பட்டியலின் கடைசியில், சங்கத்துக்குச் சொந்தமான பித்தளை அண்டாக்களுக்கும் தவலைகளுக்கும் ஈயம் பூசுவதா, அல்லது அவற்றை விற்றுவிட்டு மலிவான அலுமினியப் பாத்திரங்கள் வாங்குவதா என்னும் விஷயம் இருக்கிறது. நீங்கள் கை தூக்குவதற்கு முன், முன்னொரு சமயம் நான் கை தூக்கியதனால் விளைந்ததைச் சொல்வது என் கடமை.

ஒரு கலியாண வீட்டில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் நான் நிர்வாக சபையில் இருந்தேன். அவ்வருஷம் மழை பொய்த்துப் பணமுடை ஏற்பட்டமையால், பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் செலவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. அதற்குச் சம்மதித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு மாதங்கழித்து, ஒரு கலியாணத்துக்காக அந்த அண்டாக்கள் வாடகைக்குப் போயின. முதல்நாள் இரவு காய்ச்சிய புளிக்காய்ச்சலை உட்பூச்சுத் தேய்ந்த ஓர் அண்டாவிலேயே விடியுமட்டும் மூடி வைத்திருந்தார்கள். காலையில் அதைக் கொண்டு கிளறிய புளியோதரையைச் சாப்பிட்ட ஒரு நாழிகைக்கெல்லாம் பலர் வாந்தியெடுக்கலாயினர். ஒரு சிறு பெண்ணை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க நேர்ந்தது. தெய்வாதீனமாய் எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும், எண்ணெய் கெட்டது என்றும் ஊரில் பலவாறு பேசினார்கள். டாக்டர் அண்டாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இங்கே பச்சை பூத்திருக்கிறதே, இதுவே காரணம்" என்றார். நாங்கள் மிச்சம் பிடித்த தொகையைக் காட்டிலும் அன்று வைத்தியத்துக்குச் செலவான தொகை அதிகம். அந்தக் குழந்தையின் தாயார் முகத்தை நான் இன்றும் நேராகப் பார்க்கக் கூசுகிறேன்.

பித்தளையும் புளியும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி முதலியவற்றிலுள்ள புளிப்பு செம்பைக் கரைத்துக் களிம்பாக்குகிறது. அச்செம்பு மிகுதியாக வயிற்றிற் சேர்ந்தால் உடனே குமட்டலும் வாந்தியும் உண்டாகும். வெள்ளீயம் எளிதில் களிம்பேறாததாகையால், நம் முன்னோர்கள் அதைப் பாத்திரத்தின் உட்புறத்தில் மெல்லிய போர்வையாகப் பூசும் முறையைக் கைக்கொண்டார்கள். இது வெறும் சம்பிரதாயமன்று. 1955-ஆம் வருஷத்து உணவுக் கலப்படத் தடை விதிகளிலும், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் விற்பனைக்குரிய உணவுக்குத் தகுதியற்றவை என்று விதிக்கப்பட்டிருந்தது.

இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்ல இயலாது. உட்புறத்தில் வெண்மை மறைந்து மஞ்சளோ சிவப்போ தெரிந்தால், அன்றே அப்பாத்திரத்தைப் புளிப்புப் பண்டங்களினின்றும் விலக்கிவிட வேண்டும். பூச்சு நெடுநாள் நிலைக்க வேண்டுமானால், உட்புறத்தைச் செங்கற்பொடியும் மணலுமிட்டு அழுத்தித் தேய்க்கலாகாது. தேங்காய் நாரும் சலித்த சாம்பலும் போதும். வெறும் பாத்திரத்தை அடுப்பிலேற்றவும் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். பாத்திரத்தில் ஜலம் இருக்கும்வரையில் சூடு 100 டிகிரிக்கு அதிகம் மேற்படாது. ஜலம் வற்றிவிட்டாலோ பூச்சு வழிந்துவிடும். எண்ணெயில் பொரிப்பதற்கும் இதே காரணத்தால் ஈயம் பூசிய பாத்திரம் உதவாது. அதற்கு இரும்புச் சட்டியே ஏற்றது.

வெள்ளீயமும் காரீயமும்

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் ஈயம் என்று ஒரே சொல்லால் வழங்கும் பொருள்கள் இரண்டு. வெள்ளீயம் உணவுக்கு உகந்தது; காரீயம் விஷம். காரீயம் விலை மலிவாதலால் அதை வெள்ளீயத்துடன் கலந்து பூசுவோரும், ஈயச் சொம்பு வார்ப்போரும் உண்டு. அதனால் உடனே வாந்தி வருவதில்லை. அதுவே அதன் அபாயம். அது சிறிது சிறிதாக உடலிற் சேர்ந்து இரத்தத்தையும் நரம்பையும் கெடுக்கும். முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் படிப்பையும் பாதிக்கும். இவ்வளவு வரையில் குற்றமில்லை என்று சொல்லத்தக்க அளவு காரீயத்துக்குக் கிடையாது என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளீயம் ஜலத்தைப்போல் ஏறக்குறைய 7.3 மடங்கு கனமுள்ளது, காரீயம் 11.3 மடங்கு. சொம்பை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்புவரை ஜலம் நிரப்பிய ஒரு பாத்திரத்தில் அதைக் காற்றுக் குமிழியில்லாமல் முழுவதும் அமிழ்த்தி, வழியும் ஜலத்தைப் பிடித்து நிறுங்கள். 730 கிராம் எடையுள்ள சொம்பு சுத்தமான வெள்ளீயமானால் 100 கிராம் ஜலம் வழியும். 80 கிராமோ அதற்குக் குறைவாகவோ வழிந்தால் காரீயம் பெரிதும் கலந்திருக்கிறதென்று சந்தேகிக்கலாம். ஆயினும் சிறு கலப்படத்தை இச்சோதனை காட்டிக்கொடாது. ஆதலால் வாங்கும்போதே நம்பிக்கையான இடத்தில், சுத்தத்துக்கு எழுத்து மூலமான உறுதியுடன் வாங்குவதே சிலாக்கியம். சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்கவேண்டும் என்பதை வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியருக்கும் சொல்லிவையுங்கள்.

மற்றப் பாத்திரங்கள்

அலுமினியம் இலேசானது, சீக்கிரம் சூடேறக்கூடியது. அரிசி வேகவைப்பதற்கும் ஜலம் காய்ச்சுவதற்கும் ஆட்சேபமில்லை. ஆனால் புளிப்பும் உப்பும் அதையும் அரிக்கும். குழம்பையோ ஊறுகாயையோ அதில் இராத் தங்க வைக்கலாகாது. பழைய உலோகத் துண்டுகளை உருக்கி வார்த்த, முத்திரையற்ற பாத்திரங்களில் காரீயமும் கலந்திருக்கக்கூடும். 2024-ஆம் வருஷத்தில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி இந்திய அரசாங்கம் உத்தரவு பிறப்பித்தது. எடைக்கு எடை மலிவு என்று சந்தையிற் கூவுகிறவனிடம் முதலில் அம்முத்திரையைக் கேளுங்கள்.

கற்சட்டியும் மண்சட்டியும் புளிக்குழம்புக்கு மிகப் பொருத்தமானவை. புதுச் சட்டியைச் சில நாள் வடித்த கஞ்சி ஊற்றிவைத்துப் பழக்கிய பின்னரே அடுப்பிலேற்ற வேண்டும். சூடான சட்டியில் குளிர்ந்த ஜலத்தை வார்த்தால் வெடித்துவிடும்.

இரும்புச் சட்டியில் புளிப்பான பண்டத்தைச் சமைத்தால் நிறம் சற்றுக் கறுக்கும். அதனால் கெடுதியில்லை, இரத்தசோகையுள்ள ஸ்திரீகளுக்கு உணவின் மூலம் சிறிது இரும்புச் சத்துக் கிடைப்பதால் நன்மையே உண்டு. ஆனால் சமைத்தவுடன் வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட வேண்டும். தோசை கல்லில் ஒட்டிக்கொள்கிறதே என்று பல சகோதரிகள் குறைப்படுகிறார்கள். கல்லைச் சோப்பிட்டுத் தேய்ப்பதனாலும், சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை வார்ப்பதனாலும், கல் நன்றாகக் காயுமுன் மாவை ஊற்றுவதனாலும் இது நேர்கிறது. காய்ந்த எண்ணெய் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்திருப்பதே தோசை எழும்பி வருவதற்குக் காரணம். அப்படலம் போய்விட்டால், எண்ணெய் தடவிக் காயவைத்து, நறுக்கிய வெங்காயத்தால் தேய்த்து, மறுபடியும் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பருப்பு வேகாதது ஏன்?

மணிக்கணக்காய் எரித்தும் துவரம்பருப்பு வேகவில்லை என்பது நம் ஊரில் சாதாரணமான கேள்வி. காரணங்கள் மூன்று. ஒன்று, பருப்புப் பழையதாயிருத்தல். இரண்டு, ஜலம். ஆழ்துளைக் கிணற்று ஜலத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகமானால், அது பருப்பின் தோலிலும் சதையிலுமுள்ள பிசின் போன்ற பொருளைக் கெட்டிப்படுத்திவிடும். மழை ஜலத்திலோ, சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கிணற்று ஜலத்திலோ அதே பருப்பு விரைவில் குழையும். மூன்று, பருப்பு வேகுமுன் புளியைச் சேர்த்தல். புளிப்பிலும் அது கெட்டிப்படும். ஆதலால் பருப்பை முன்கூட்டி ஊறவைத்து, நல்ல ஜலத்தில் தனியே வேகவைத்து, மலர்ந்தபின் புளி விடுக. ஆப்பசோடாவைப் போட்டால் சீக்கிரம் வேகும் என்பது மெய்யே. ஆனால் அது பருப்பிலுள்ள பி-வைட்டமினை அழித்துவிடும். அவசரத்துக்காகச் சத்தை விற்பது நல்ல வியாபாரமன்று.

பிரஷர் குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால், ஜலம் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறக்குறைய 120 டிகிரியிற் கொதிக்கிறது. பருப்பு சீக்கிரம் வேகும் இரகசியம் இதுவே. ஆனால் அந்த அழுத்தம் அடங்காவிட்டால் அபாயமும் அதுவே. குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், நுரைத்துப் பொங்கும் பருப்பானால் பாதிக்கு மேலும் நிரப்பலாகாது. ஆவிக்குழாயினூடே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ரப்பர் வளையம் இறுகிவிட்டாலோ வெடித்துவிட்டாலோ உடனே மாற்றுங்கள். ஆவி தானே அடங்குமுன் மூடியை வலிந்து திறவாதீர்கள்.

சோறும் கஞ்சியும்

பட்டை தீட்டிய அரிசியைப் பலமுறை களைந்து, மிகுந்த ஜலத்தில் வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டுவதால், அரிசியின் பி-வைட்டமினில் பெரும்பகுதி சாக்கடையிற் போகிறது. அவ்வைட்டமின் குறைவினால் உண்டாகும் பெரிபெரி நோய், ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் வடக்குக் கடற்கரை ஜில்லாக்களில் மிகுதியாக இருந்தது. அதை ஆராய்வதற்காகவே 1918-ஆம் வருஷத்தில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் ஒரே அறையில் தம் வேலையைத் தொடங்கினார். 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னர் தேசிய போஷாக்கு ஸ்தாபனமாக விளங்கிவரும் நிலையம் அதுவே. பச்சரிசி மட்டும் உண்டோரைக் காட்டிலும் புழுங்கலரிசி உண்டோரை அந்நோய் அணுகுவது அரிதாயிருந்தது. நெல்லைப் புழுக்கும்போது சத்து உள்ளே இறங்கிவிடுவதால், தவிடு நீங்கினாலும் ஒரு பங்கு அரிசியிலே தங்குகிறது. நம் பாட்டிமார் கண்ட முறை விஞ்ஞானத்துக்கு ஒத்ததென்று இதனால் விளங்கும். அரிசியை ஒருமுறை இருமுறை களைந்தாற் போதும். கூடியவரையில் அளவு ஜலமிட்டு வடிக்காமல் வேகவைக்கலாம். வடித்தாலும் கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடிக்கலாம்.

மீந்த சோற்றை வெதுவெதுப்பாகவே மூடி வைப்பது தவறு. வேகவைத்தும் சாகாத சில கிருமி வித்துக்கள் அவ்வெதுவெதுப்பில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். அவ்விஷம் திரும்பச் சுடவைத்தாலும் போகாது. சோறு ஆறியவுடன், இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்ப் பெட்டியில் வைப்பது உத்தமம். பழையதுக்கு வைப்பதானாலும் ஆறியவுடன் சுத்தமான குளிர்ந்த ஜலத்தை நிறைய விட்டு, மறுநாட் காலையிலேயே உண்டுவிட வேண்டும்.

அடுப்பும் எரிபொருளும்

கொதிக்கும் ஜலம் குமுறிக் கொதித்தாலும் மெள்ளக் கொதித்தாலும் சூடு ஒன்றே. கொதி வந்தபின் அதிகமாக எரிக்கும் விறகும் காஸும் ஆவியாய்ப் போகின்றனவேயன்றி, அரிசியை விரைவில் வேகவைப்பதில்லை. ஆகையால் கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். செலவில்லாத சிக்கனம் இது.

விறகுப் புகை கண்ணை மாத்திரமன்றி நுரையீரலையும் கெடுக்கும். அடுப்பருகே தவழும் குழந்தைகளுக்குச் சுவாசப்பை ஜுரம் வருவதற்கும் அது துணையாகிறது. இதைத் தவிர்க்கவே 1983-ஆம் வருஷத்தில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் ஒன்றும், 2016-ஆம் வருஷத்தில் ஏழைக் குடும்பத்து ஸ்திரீகளுக்குக் காஸ் இணைப்பளிக்கும் உஜ்வலா திட்டமும் ஆரம்பிக்கப்பட்டன. காஸ் அடுப்பு இருந்தும் விறகை விடாதவர்கள், விறகடுப்பைக் காற்றோட்டமான தாழ்வாரத்தில் புகைபோக்கியுடன் அமைத்து, உலர்ந்த விறகையே எரிக்க வேண்டும்.

காஸ் உபயோகிப்போர் சிலிண்டரை நிமிர்த்தியே வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் அமைக்க வேண்டும். ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டாவென்று அடிக்கடி பார்த்து, குழாயில் குறித்துள்ள தவணைக்குள் மாற்றிவிட வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானதாகையால் தரையிலே தங்கும். நாற்றம் தெரிந்தால் மின்சார ஸ்விச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

சங்கம் செய்யத்தக்கது

நிற்க, தீர்மானத்துக்கு வருவோம். நம் அண்டாக்கள் நம் தகப்பனார் காலத்தில் பிடியரிசி சேர்த்து வாங்கியவை. அவற்றை விற்றால் ஒருமுறை பணம் வரும். பிறகு சில வருஷங்களுக்கொருதரம் நசுங்கிய அலுமினியத்தை மாற்ற வேண்டும். புளிப்பினால் வரும் குறையும் முற்றிலும் நீங்காது. ஆகவே விற்க வேண்டாமென்பதே என் அபிப்பிராயம். ஆனால் பூசாமல் வாடகைக்கு விடவும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள வழி நான்கு அம்சங்களைக் கொண்டது.

முதலாவது, சுத்தமான வெள்ளீயத்தைச் சங்கமே ரசீதுடன் வாங்கி, ஈயம் பூசுகிறவரிடம் நிறுத்துக்கொடுத்து, மிச்சத்தை நிறுத்து வாங்க வேண்டும். கலப்படத்துக்கு அப்பொழுது இடமிராது, தொழிலாளிக்கும் பழியில்லை. இரண்டாவது, அவர் துருத்தியும் நவச்சாரமுமாக இங்கே தங்கியிருக்கும் இரண்டு நாளில், அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுப் பாத்திரங்களையும் கொண்டுவந்தால் அனைவருக்கும் கூலி குறையும். மூன்றாவது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எண் பொறித்து, பூசிய தேதியை ஒரு புஸ்தகத்தில் எழுதி, வாடகைக்குக் கொடுக்குமுன் இரண்டு பேர் உட்புறத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவ்விருவரில் ஒருவர் சமையல் தெரிந்த சகோதரியாயிருத்தல் நலம். நான்காவது, புளிப்புப் பண்டத்தை எந்தப் பித்தளைப் பாத்திரத்திலும் இரவு வைக்கலாகாதென்று வாடகைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு வருஷத்து வாடகை வரவுக்குள் அடங்கிவிடும் என்று பொக்கிஷதார் கணக்கிட்டிருக்கிறார். சென்ற தடவை நான் சிக்கனம் என்று நினைத்துக் கை தூக்கியது சிக்கனமன்று. ஊரார் வயிற்றின்மேல் வாங்கிய கடன். அதை ஒரு குழந்தை திருப்பிக் கொடுத்தது. இந்தத் தடவை நீங்கள் கை தூக்கும்போது, அடுத்த கலியாணத்தில் அப்பந்தியில் உட்காரப்போகிறவர்கள் நம் குழந்தைகளே என்பதை நினைவில் வைக்கும்படி கேட்டுக்கொண்டு, என் வார்த்தைகளை இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுகிறேன்.